அறிவுச் சமூகவியல் ஆய்வு: நூலகத்தில் எதை, எந்த அலமாரியில் தேடுவது?

எது அறிவு என்று ஒரு சமூகம் ஏற்றுக்கொள்கிறது, அதற்கு முத்திரை குத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, யாருடைய அறிவு வெறும் நம்பிக்கை என்றோ கைப்பழக்கம் என்றோ ஒதுக்கப்படுகிறது என்ற கேள்விகளை ஆராயும் துறைக்கு அறிவுச் சமூகவியல் என்று பெயர். ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிப்பது மெய்யியலின் வேலை. அந்தக் கூற்று எந்தச் சூழலில், யார் யாருடைய உழைப்பால், எந்தத் தேவையை ஒட்டி உருவாகி, பின்னர் எவரும் கேள்வி கேட்காத பொது உண்மையாக நிலைபெற்றது என்று விசாரிப்பது அறிவுச் சமூகவியலின் வேலை.

இத்துறை 1920களில் ஜெர்மனியில் மாக்ஸ் ஷேலரின் எழுத்துகள் வழியாகத் தன் பெயரைப் பெற்றது. மனிதரின் சிந்தனை அவர் சமூகத்தில் நிற்கும் இடத்தோடு பிணைந்தது என்ற வாதத்தைக் கார்ல் மான்ஹைம் 1929இல் வெளிவந்த தம் நூலில் விரித்தார். பீட்டர் பெர்கரும் தாமஸ் லுக்மானும் 1966இல் பேரறிஞர்களின் கொள்கைகளை விட்டுவிட்டுச் சாதாரண மக்களின் அன்றாட அறிவின் பக்கம் கவனத்தைத் திருப்பினர். எடின்பரோவில் டேவிட் புளூர் முதலியோர் 1970களில் இன்னும் ஒரு படி மேலே போய், தவறென்று கைவிடப்பட்ட கொள்கைகளுக்கு மட்டுமன்றி, சரியென்று இன்று ஏற்கப்பட்டிருக்கும் அறிவியல் கொள்கைகளுக்கும் அதே முறையில் சமூகக் காரணங்களைத் தேட வேண்டும் என்றனர்.

இவ்வளவும் எந்த அறிமுக நூலிலும் கிடைக்கும். சிக்கல் தொடங்குவது அடுத்த கட்டத்தில்தான். ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குள் நுழையும் மாணவர், சமூகவியல் அலமாரியில் சில கோட்பாட்டு நூல்களைக் கண்டு, அவற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். அவருடைய ஆய்வுக்கு உண்மையில் வேண்டிய மூலங்களோ மெய்யியல், மொழியியல், மருத்துவம், வரலாறு, சட்டம் என்று வெவ்வேறு அலமாரிகளில், வெவ்வேறு பெயர்களின்கீழ்ச் சிதறிக் கிடக்கின்றன. நூல்களுக்கு இடம் ஒதுக்குவது ஒரு மனிதச் செயல். அறிவைப் பற்றி ஒரு காலத்தவர் கொண்டிருந்த கருத்துதான் அலமாரிகளின் வரிசையாக நிற்கிறது. ஆகவே இத்துறையில் மூலம் தேடுபவர் ‘இந்தத் தலைப்பில் என்ன நூல் இருக்கிறது?’ என்று கேட்பதைவிட, ‘இதை யார், எந்தப் பெயரில், எந்த இடத்தில் வைத்திருப்பார்கள்?’ என்று கேட்பதே பயன் தரும்.

முதலில் பகுப்பெண்களை, அதாவது நூல் எந்த அலமாரியில் நிற்க வேண்டும் என்று பொருளை ஒட்டி அதற்கு இடும் எண்களைப் பார்ப்போம். டூயி தசமப் பகுப்பு முறையில் அறிவுச் சமூகவியலுக்கு உரிய எண் 306.42. அறிவியலைச் சமூக நிறுவனமாக நோக்கும் நூல்கள் அதற்குப் பக்கத்தில் 306.45இல் இருக்கும். அறிவைப் பற்றிய மெய்யியல் ஆராய்ச்சி 121இலும், அறிவு என்ற பொதுப்பொருள் 001இலும் போய்ச் சேரும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பகுப்பு முறையைக் கைக்கொள்ளும் நூலகங்களில் நிலைமை இன்னும் வேறு. அங்கே இத்துறையின் பழைய அடிப்படை நூல்கள் பல மெய்யியலுக்குரிய பி.டி. 175 என்ற எண்ணில் இருக்கின்றன. சமூகவியலுக்குரிய எச்.எம். 651 என்ற எண்ணிலும் இதே பொருளுக்கு இடம் உண்டு. அறிவியலின் சமூகக் கூறுகளைப் பேசுபவை க்யூ 175.5இன் பக்கம் போகும். ஆக, ஒரே துறைக்கு மூன்று வீடுகள். ஓர் அலமாரியில் நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதான் இருக்கிறது’ என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறாகும் என்பதற்கு இதுவே போதும்.

இந்த மூன்றிலும் சேராமல் வேறெங்கோ போய்விட்ட நூல்களும் உண்டு. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானிகள் ஓர் உண்மையை எப்படிப் படிப்படியாகக் கட்டியெழுப்புகிறார்கள் என்று உடனிருந்து கவனித்து, புரூனோ லத்தூரும் ஸ்டீவ் வூல்கரும் எழுதிய நூல் 1979இல் வெளிவந்தது. இத்துறையில் ஈடுபடும் எவரும் கட்டாயம் கடந்துவர வேண்டிய நூல் அது. காங்கிரஸ் நூலகப் பகுப்பில் அது உயிரியல் நூல்களோடு நிற்கிறது. கவனிக்கப்பட்ட ஆய்வகம் உயிரியல் ஆய்வகம் என்பதால் பகுப்பாளர் அப்படி முடிவு செய்திருக்கலாம்; அந்த முடிவில் தவறொன்றுமில்லை. ஆனால் சமூகவியல் அலமாரியை மட்டும் துழாவுபவருக்கு அது கடைசிவரை கண்ணில் படாது.

எண்களைவிட உதவியானவை பொருள் தலைப்புகள். நூலகத்தின் கணினி அட்டவணையில் நூற்பெயர், ஆசிரியர், பொருள் என்று தனித்தனித் தேடல் பெட்டிகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும் பொதுப் பெட்டியிலேயே இட்டுத் தேடிவிடுகிறார்கள். பொருள் தலைப்பு என்பது நூலின் பெயரில் இருக்கும் சொல் அன்று. நூல் எதைப் பற்றியது என்று பட்டியலிடுபவர் முன்கூட்டியே வரையறுத்த ஒரு பட்டியலிலிருந்து எடுத்துப் பொருத்தும் சொல். ஆங்கில அட்டவணைகளில் நம் துறைக்கான அதிகாரபூர்வத் தலைப்பு தலைகீழாகப் புரட்டிப் போடப்பட்டிருக்கிறது. ‘நாலெட்ஜ்’ முன்னே வந்து, ஒரு காற்புள்ளி இட்டு, ‘சோசியாலஜி ஆஃப்’ பின்னே வரும். அகரவரிசையில் இதற்கு அருகிலேயே ‘நாலெட்ஜ், தியரி ஆஃப்’ என்ற தலைப்பு நிற்கும். அது மெய்யியலுக்குரியது, நூல்களின் எண்ணிக்கை அதில் பன்மடங்கு மிகுதி. புதியவர் பலர் அதற்குள் போய்த் திசை தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

ஒரு நல்ல நூல் கைக்குக் கிடைத்தவுடன் அதன் அட்டவணைப் பதிவை முழுமையாகத் திறந்து, அதற்கு இடப்பட்டிருக்கும் பொருள் தலைப்புகள் அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதே இதில் நான் பரிந்துரைக்கும் முதல் பழக்கம். அறிவியலின் சமூகக் கூறுகள், அறிவாளர் வகுப்பு, கல்வியும் புலமையும், கீழைத்தேயவியல் என்ற பொருள்படும் தலைப்புகள் அடுத்தடுத்து வந்து விழும். அவற்றில் ஒவ்வொன்றையும் சொடுக்கினால் அதே தலைப்புடைய மற்ற நூல்கள் திறக்கும். தலைப்போடு நாட்டின் பெயரும் காலமும் ஒட்டியிருக்கும் பதிவுகள் குறிப்பாகப் பயன்படும்.

தமிழ் நூல்களைத் தேடும்போது இன்னொரு தடை குறுக்கே வரும். வெளிநாட்டு அட்டவணைகளிலும், உலகளாவிய கூட்டு அட்டவணையான வேர்ல்ட்கேட்டிலும் தமிழ் நூற்பெயர்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கும். அந்த எழுத்துப்பெயர்ப்பு நாம் ஆங்கிலத்தில் பெயர்களை எழுதும் வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. தமிழ் எழுத்துக்கு எழுத்து நேராகப் போகிறது. ‘காந்தி’ என்று தொடங்கும் ஒரு தமிழ் நூலின் பெயர் அங்கே ‘கே’ எழுத்தின்கீழ் இருக்கும், ‘ஜி’யின்கீழ் இராது. இந்த ஒரு விதி தெரியாததால் ‘அந்த நூலகத்தில் தமிழ் நூல் எதுவுமே இல்லை’ என்று எழுதிவிட்ட ஆய்வேடுகள் இருக்கக்கூடும் என்பது என் ஐயம்.

அலமாரிகளின் வரிசையே ஒரு காலத்தின் கருத்தைச் சுமந்து நிற்கிறது என்று மேலே சொன்னதற்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு சான்று உண்டு. டூயி முறையைப் பின்பற்றும் நூலகத்தில் ஒரு தமிழ் நாவலின் முதுகில் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டைப் பார்த்தால் 894.811 என்ற எண் தெரியும். தமிழ் மொழிபற்றிய நூலுக்கு 494.811. இந்த 494 என்ற பிரிவுக்குள் தமிழோடு தங்கியிருப்பவை எவை என்று பார்த்தால் துருக்கி, ஹங்கேரி, பின்லாந்து மொழிகள் வருகின்றன. பின்லாந்து, துருக்கி முதலிய மொழிகளை அடக்கிச் ‘சித்திய’ மொழிகள் என்று அன்று அழைக்கப்பட்ட கூட்டத்தோடு திராவிட மொழிகள் உறவுடையவை என்று இராபர்ட் கால்டுவெல் கருதினார். ஐரோப்பாவில் ‘துரானிய’ மொழிகள் என்ற பெருங்கூட்டம் ஒன்றைப் பற்றிப் பேசிய காலம் அது. அந்தக் கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் 494இன் வரிசையைப் பார்க்கும்போது அந்தப் பழைய மொழிக்கொள்கையின் நினைவு வராமல் போவதில்லை. 1876இல் முதலில் வெளியான டூயி முறை, சமயத்துக்கான 200களில் பெரும்பகுதியைக் கிறித்தவத்துக்கு ஒதுக்கி, உலகின் ஏனைய சமயங்களை 290க்குள் நெருக்கி வைத்தது என்பதும் நூலகத்துறையில் பலராலும் பேசப்பட்ட செய்தி.

இந்த இடத்தில் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதனைக் குறிப்பிடாமல் போக முடியாது. கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான அவர், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலின் பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து, அந்தக் கூறுகளைக் குறியீடுகளால் மீண்டும் இணைப்பது அதன் நெறி. எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண்ணை எழுதி வைத்துவிட்டு நூலை அதற்குள் அடக்குவதைவிட இது நெகிழ்வானது. பல துறைகளைத் தொட்டுச் செல்லும் நம் துறைக்கு அந்த அணுகுமுறைதான் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் ஆய்வாளர் அன்றாடம் எதிர்கொள்வது பெரும்பாலும் டூயியையும் காங்கிரஸ் நூலக முறையையும்தான்.

இனி ஓர் ஆய்வுக் கேள்வியை எடுத்துக்கொண்டு தேடலை முழுவதும் நடத்திப் பார்ப்போம். ‘தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனியொரு குடும்பம் என்ற அறிவு எப்படி உருவாயிற்று? அதை உருவாக்கியவர்கள் யார்?’ இது மொழியியல் கேள்வி போலத் தோன்றினாலும், உருவாக்கியவர்கள் யார் என்று கேட்ட உடனேயே அறிவுச் சமூகவியலுக்குள் வந்துவிடுகிறது.

பள்ளிப் பாடத்தில் இதற்குக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் என்று விடை இருக்கும். கால்டுவெல்லின் முன்னுரையைப் புரட்டினால் அவருக்கு முன்பே இதைத் தொட்ட எல்லிஸ் என்பவரின் பெயர் கிடைக்கும். பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி, சென்னையின் கலெக்டர், 1812இல் தொடங்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை உருவாக்குவதில் முன்னின்றவர். உடனே அட்டவணையின் ஆசிரியர் பெட்டியில் எல்லிஸ் என்று தேடுகிறோம். திருக்குறளுக்கு அவர் எழுதிய மொழிபெயர்ப்பும் விளக்கமும் வருகின்றன. மிராசு என்ற பரம்பரை நில உரிமை பற்றி 1818இல் வெளிவந்த நூல் வருகிறது. மொழிக்குடும்பம் பற்றி ஒன்றும் வருவதில்லை.

காரணம் எளிது. எல்லிஸ் அதைத் தனி நூலாக எழுதவே இல்லை. ஏ. டி. கேம்ப்பெல் என்ற இன்னோர் அதிகாரி 1816இல் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரையோடு ஒரு குறிப்பாக அதைச் சேர்த்திருந்தார். அட்டவணையில் ஆசிரியர் கேம்ப்பெல். பொருள் தெலுங்கு இலக்கணம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை அருகருகே நிறுத்தி அவற்றின் உறவைக் காட்டிய ஒரு வரலாற்றுச் சான்று, ‘திராவிடம்’ என்ற சொல்லாலோ எல்லிஸ் என்ற பெயராலோ தொட முடியாத ஓர் இடத்தில் இப்படி ஒளிந்திருக்கிறது. அட்டவணையை மட்டும் நம்பித் தேடினால் இது கிடைக்க வழியில்லை. தாமஸ் டிரவுட்மன் 2006இல் வெளியிட்ட, திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பது காலனியச் சென்னையில் நிறுவப்பட்டதைப் பற்றிய நூலின் அடிக்குறிப்புகள் வழியாகவோ, அதுபோன்ற பிற ஆய்வுகள் வழியாகவோதான் அங்கே போய்ச் சேர முடியும். அந்த நூலும் சமூகவியல் அலமாரியில் இருப்பது அரிது. மொழியியல், தெற்காசிய வரலாறு ஆகிய பக்கங்களில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது அடுக்கு இதைவிடச் சுவையானது. எல்லிஸ் தனியாக அமர்ந்து இந்த முடிவுக்கு வரவில்லை. கோட்டைக் கல்லூரியில் தலைமை ஆசிரியராக இருந்த பட்டாபிராம சாஸ்திரி, எல்லிஸுக்கு உறுதுணையாக இருந்த சங்கரய்யா ஆகியோரின் புலமை அதன் பின்னால் இருந்தது. மசூலிப்பட்டினத்தைச் சேர்ந்த மாமிடி வெங்கய்யா என்ற வணிகர் தொகுத்த தெலுங்கு அகராதியின் முன்னுரையை எல்லிஸ் தம் வாதத்தில் எடுத்தாள்கிறார். வீரமாமுனிவரின் ஏடுகளைத் தேடிச் சேர்க்கும் பணியை எல்லிஸ் ஒப்படைத்த முத்துசாமிப் பிள்ளை, பின்னர் வீரமாமுனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். இலக்கண மரபில் ஊறிய உள்ளூர்ப் புலவர்களின் பகுப்பாய்வும், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒப்பீட்டு ஆர்வமும், கம்பெனி அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க வேண்டியிருந்த நிர்வாகத் தேவையும் ஒரே கல்லூரியில் சந்தித்ததால் பிறந்த அறிவு இது. ஆனால் நூலக அட்டவணை ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியர் என்றே பழகியது; உடன் உழைத்தவர்கள் அதில் ஏறுவதில்லை.

அவர்களைத் தேட வேண்டிய இடங்கள் முன்னுரைகள், நன்றியுரைகள், கடிதங்கள், நியமன ஆணைகள். பழைய ஆங்கிலப் பதிவுகளில் ஒரே பெயர் நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும் என்பதால், எல்லா எழுத்துமுறைகளையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு தேட வேண்டும். சாஸ்திரி, பிள்ளை, முதலியார் போன்ற பட்டங்கள் பெயரின் பகுதியாகவும், சில இடங்களில் பெயரே இல்லாமல் பட்டம் மட்டுமாகவும் வரும்.

இங்கேதான் நூலகத்திலிருந்து ஆவணக்காப்பகத்துக்குக் கால் நகர்கிறது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில், கம்பெனி அரசின் துறைவாரியான கலந்தாய்வுப் பதிவுகள் உள்ளன. கோட்டைக் கல்லூரி தொடர்பான கடிதப் போக்குவரத்தைப் பொதுத்துறைப் பதிவுகளிலும், எல்லிஸ் பணியாற்றிய வருவாய் நிர்வாகம் தொடர்பானவற்றை வருவாய் வாரியப் பதிவுகளிலும் தேட வேண்டும். ஆவணக்காப்பகத்தில் பொருள் தலைப்பு உதவாது. அரசின் எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்தத் தேதியில் அந்த விவகாரத்தைக் கவனித்தது என்பதே திறவுகோல். ஆகவே போவதற்கு முன்பே, பிறருடைய அடிக்குறிப்புகளிலிருந்து துறையின் பெயரையும் தேதிகளையும் திரட்டிக்கொண்டு போவது நாள்களை மிச்சப்படுத்தும். கம்பெனி அரசு தன் பதிவுகளின் படிகளை இலண்டனுக்கு அனுப்பி வந்ததால், சென்னையில் சிதைந்துபோன ஓர் ஆவணத்தின் இன்னொரு படி பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில் இருக்க வாய்ப்புண்டு. அனுமதிக்கு அறிமுகக் கடிதம் வேண்டுமா, ஒரு நாளில் எத்தனை தொகுதிகள் தருவார்கள் என்பவற்றை நேரில் போவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எல்லிஸின் சொந்தத் தாள்களுக்கு நேர்ந்த கதி தனியே சொல்லத்தக்கது. அவர் 1819இல் இறந்த பிறகு, மதுரையிலிருந்த அவருடைய தாள்கள் அங்கிருந்த அதிகாரி ஒருவரின் சமையல்காரருக்கு மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் பயன்பட்டன என்ற செய்தியைச் சென்னை அரசில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். தப்பியவற்றில் சில ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளன. கால்டுவெல்லின் பெயர் நிலைத்து எல்லிஸின் பெயர் மங்கியதற்கு வாதத்தின் வலிமை மட்டும் காரணமன்று. ஒருவருடைய உழைப்பு அச்சேறிப் பல பதிப்புகள் கண்டது, இன்னொருவருடையது அடுப்பில் போனது. மூலங்களின் இருப்பும் இன்மையும் இத்துறையில் வெறும் வசதிக் குறைவு அல்ல, ஆராய வேண்டிய பொருளே.

அச்சேறிய நூலிலும் எந்தப் பதிப்பு என்று கேட்க வேண்டும். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் முதற்பதிப்பும், 1875இல் திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பும் கண்டது. அவர் இறந்த பிறகு 1913இல் வேறு பதிப்பாசிரியர்கள் கொண்டுவந்த மூன்றாம் பதிப்பில், பறையர் திராவிடரா என்று ஆராயும் பின்னிணைப்பு உள்ளிட்ட சில பகுதிகள் விடப்பட்டன. அதன்பின் புழக்கத்துக்கு வந்த மறுஅச்சுகள் பல இந்த மூன்றாம் பதிப்பை அடியொற்றியவை. மொழியியல் மாணவருக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாமல் இருக்கலாம். அறிவுச் சமூகவியல் மாணவருக்கோ, விடப்பட்ட பகுதி எது, விட்டவர் யார், விட்டபோது சொன்ன காரணம் என்ன என்பதே ஓர் ஆய்வுக்குப் போதுமான பொருள். ஆகவே அட்டவணைப் பதிவில் பதிப்பு ஆண்டு, பக்க எண்ணிக்கை, பதிப்பாசிரியர் பெயர் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் வேண்டும்.

கோட்பாட்டு நூல்களும் இதற்கு விலக்கல்ல. மான்ஹைமின் நூலை நம்மில் பெரும்பாலோர் 1936இல் வெளிவந்த ஆங்கில வடிவத்தில்தான் படிக்கிறோம். அது 1929இன் ஜெர்மன் நூலின் நேர் மொழிபெயர்ப்பு அன்று. முதல் இயல் ஆங்கில வாசகருக்காகவே புதிதாக எழுதப்பட்டது. கடைசி இயல் ஒரு சமூகவியல் கலைக்களஞ்சியத்துக்காக அவர் எழுதிய தனிக் கட்டுரை. நடுவிலிருக்கும் மூன்று இயல்களே மூலநூலுக்கு உரியவை. ‘1929இல் மான்ஹைம் சொன்னார்’ என்று எழுதும் முன் எந்த இயலிலிருந்து மேற்கோள் எடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடிக்குறிப்புகளின் வழியே நடப்பதைப் பற்றி இத்துறையிலேயே புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. லுட்விக் ஃப்ளெக் என்ற மருத்துவர் இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில் வாழ்ந்தவர். மேகநோயைக் கண்டறியும் வாசர்மன் சோதனை எப்படி ஓர் அறிவியல் உண்மையாக உருவாயிற்று என்று ஆராய்ந்து, 1935இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். அறிவு தனிமனிதரின் தலைக்குள் பிறப்பதில்லை, ஒரு சிந்தனைக் குழுவுக்குள், அதன் சிந்தனைப் பாணிக்கு ஏற்பப் பிறக்கிறது என்பது அவர் வாதம். யூதரான அவர் பின்னர் நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு உயிர் தப்பினார். நூல் ஏறத்தாழ மறக்கப்பட்டது. ஹான்ஸ் ரைஷன்பாக் 1938இல் எழுதிய ஒரு மெய்யியல் நூலின் அடிக்குறிப்பில் அந்த நூற்பெயரைக் கண்டு, அதைத் தேடிப் பிடித்துப் படித்தவர் அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன். அறிவியல் புரட்சிகள் பற்றி 1962இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில் கூன் ஃப்ளெக்கைக் குறிப்பிட்டார். 1979இல் ஃப்ளெக்கின் நூல் ஆங்கிலத்தில் வந்தபோது அதற்கு முன்னுரையும் எழுதினார். ஓர் அடிக்குறிப்பை யாரோ ஒருவர் அசட்டை செய்யாமல் பின்தொடர்ந்ததால் ஒரு நூல் மீண்டும் உலவத் தொடங்கியது.

அடிக்குறிப்பு நம்மைப் பின்னோக்கி அழைத்துச் செல்கிறது. முன்னோக்கிச் செல்வதற்கு மேற்கோள் சுட்டிகள் இருக்கின்றன: ஒரு நூலையோ கட்டுரையையோ அதற்குப் பின் வந்தவர்களில் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று இவை பட்டியலிடும். யூஜின் கார்ஃபீல்டு 1960களில் அறிவியல் இதழ்களுக்காகத் தொடங்கிய இம்முறை, 1973இல் சமூக அறிவியலுக்கும் விரிந்தது. இன்று கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு பதிவின் அடியிலும் இதே வசதி இலவசமாக இருக்கிறது. டிரவுட்மனின் 2006 நூலை அங்கே தேடி, அதை மேற்கோள் காட்டியவற்றைத் திறந்து, அந்த முடிவுகளுக்குள் மட்டும் ‘தெலுங்கு’ என்றோ ‘அச்சு’ என்றோ மறுபடி தேடினால், முதல் தேடலில் கனவிலும் வராத கட்டுரைகள் வரும். ஆனால் மேற்கோள் எண்ணிக்கையை மதிப்பெண்ணாகக் கொள்ளக் கூடாது. ஒரு கருத்து எல்லோருக்கும் பழகிப்போன பிறகு அதன் மூலத்தைக் குறிப்பிடுவதையே எழுதுவோர் விட்டுவிடுவார்கள் என்பதை இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான இராபர்ட் மெர்ட்டன் சுட்டிக்காட்டியிருக்கிறார். தமிழில் எழுதப்பட்ட ஆய்வுகள் இந்தச் சுட்டிகளுக்குள் மிகக் குறைவாகவே நுழைந்திருக்கின்றன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆய்விதழ்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறிவியலின் சமூகவியலுக்கு 1971இல் தொடங்கி இன்றும் வெளிவரும் ‘சோஷியல் ஸ்டடீஸ் ஆஃப் சயன்ஸ்’, அறிவியல் வரலாற்றுக்கு 1912இல் ஜார்ஜ் சார்ட்டன் தொடங்கிய ‘ஐசிஸ்’, அறிவாளர்களையும் பல்கலைக்கழகங்களையும் பற்றிப் பேசும் ‘மினர்வா’, இந்தியச் சமூகவியலுக்குக் ‘கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோசியாலஜி’ ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். பழைய இதழ்கள் பல ஜேஸ்டோர் என்ற இணையத் தொகுப்பில் கிடைக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது. அங்கே ஆய்வேட்டின் முடிவைவிட அதன் துணைநூற்பட்டியலை முதலில் படிப்பதே பயனுள்ளது.

தமிழ் அச்சு நூல்களைப் பொறுத்தவரை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை விட்டுவிட முடியாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, அவற்றைக் கொண்டு 1994இல் சென்னையில் அந்த நூலகம் உருவாயிற்று. அரசு நூலகங்கள் பொருட்படுத்தாமல் விட்ட மருத்துவச் சிறுநூல்கள், சோதிடக் குறிப்புகள், பெரிய எழுத்துப் புத்தகங்கள் போன்றவை அங்கே சேர்ந்திருப்பது, எது பாதுகாக்கத்தக்க அறிவு என்ற கேள்விக்கு ஒரு சேகரிப்பாளர் தந்த தனி விடை. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படிகளைப் பெறும் நூலகங்களில் ஒன்று. ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனத்தின் மின்தொகுப்பும், பழந்தமிழ் அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் வீட்டிலிருந்தே கிடைப்பவை. மின்தொகுப்பில் ஒரு நூல் கிடைத்தால், படியெடுக்கப்பட்டது எந்தப் பதிப்பு, பக்கங்கள் முழுமையாக உள்ளனவா என்று தலைப்புப் பக்கத்திலிருந்தே சரிபார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அடுக்கித் தரும் நூற்பட்டியல்களில் இல்லாத நூல்களும் நம்பும்படியான பெயர்களோடு கலந்து வருவதால், அட்டவணையில் கண்ணால் காணாத எதையும் துணைநூற்பட்டியலில் சேர்க்கக் கூடாது.

நூலகரிடம் உதவி கேட்கும்போது துறையின் பெயரைச் சொல்வதைவிடக் கேள்வியைச் சொல்வதே மேல். ‘அறிவுச் சமூகவியல் நூல்கள் எங்கே?’ என்று கேட்டால் 306.42 இருக்கும் அலமாரியைக் காட்டுவார். அது அவர் குற்றமன்று. ‘1812க்கும் 1820க்கும் இடையில் கோட்டைக் கல்லூரியில் வேலை பார்த்த தமிழ், தெலுங்கு ஆசிரியர்களின் பெயர்களைத் தேடுகிறேன்’ என்று கேட்டால், அரசு அலுவலர்களின் பெயர்களைக் கொண்ட பழைய சிவில் பட்டியல்கள், கல்லூரி அச்சகத்தின் வெளியீடுகள், ஒருவேளை வேறொரு நூலகத்தில் இதே காலத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் இன்னோர் ஆய்வாளர் என்று அவர் நினைவு பல திசைகளில் போகும்.

தேடலின்போது வைத்துக்கொள்ளும் குறிப்பேட்டில், கிடைத்த நூலின் அழைப்பெண் (முதுகுச் சீட்டில் உள்ள எண்), பொருள் தலைப்புகள், பதிப்பு விவரம், அந்த நூலுக்கு நம்மைக் கொண்டுசேர்த்த அடிக்குறிப்பு எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்ற நான்கையும் எழுத வேண்டும். கிடைக்காதவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்: எந்த அட்டவணையில், எந்த எழுத்துமுறையில், எந்தத் தேதியில் தேடி இல்லையென்று விடை வந்தது என்று அதில் பதிந்து வைத்தால், பட்டாபிராம சாஸ்திரியின் பெயர் ஓர் அட்டவணையில் ஏன் இல்லை என்று ஆய்வேட்டில் எழுத வேண்டிய இடம் வரும்போது அந்தப் பக்கமே மூலமாகப் பயன்படும்.